பக்கத்து வீட்டுக்காரர் எப்போது எதிரி ஆகிறார்? போஸ்னியா சொல்லும் பதில்

(ஒலி அத்தியாயத்தின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

போன சில அத்தியாயங்களுக்கு நீங்க அனுப்பின கருத்துகளை உட்கார்ந்து படிச்சேன். வேற வேற வார்த்தைகளில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "உலகத்துல நடக்கிற சண்டைக்கெல்லாம் மதமும் இனமும்தானே காரணம்? மனுஷனுக்கு இந்த அடையாளங்கள் இருக்கிற வரைக்கும் இது ஓயவே ஓயாதுதானே?"

இந்தக் கேள்வியைப் பொதுப்படையாகப் பேசினால் ஆளாளுக்கு ஒரு அபிப்பிராயம் சொல்லிட்டுக் கலைஞ்சு போயிடுவோம். அதனால இன்றைக்கு ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கிட்டு, அங்கே என்ன நடந்தது என்று வரிசையாகப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அந்த நாடு போஸ்னியா. 1992 முதல் 1995 வரை மூன்றரை வருஷம் அங்கே போர் நடந்தது. சுமார் 1 லட்சம் பேர் செத்தாங்க. நாட்டின் மக்கள்தொகையில் ஏறக்குறையப் பாதிப் பேர், 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், வீட்டை விட்டுத் துரத்தப்பட்டாங்க.

ஏன் போஸ்னியா என்றால், "அடையாளம்தான் போருக்குக் காரணம்" என்று சொல்கிறவர்கள் எல்லாரும் கூப்பிடுகிற முதல் சாட்சி அதுதான்.

ஒரு கேள்விக்குறி காணாமல் போன கதை

1993-ம் வருஷம், அமெரிக்காவின் 'ஃபாரின் அஃபேர்ஸ்' இதழில் ஹார்வர்டு பேராசிரியர் சாமுவேல் ஹன்டிங்டன் ஒரு கட்டுரை எழுதினார். 'நாகரிகங்களின் மோதல்?' என்று தலைப்பு. கடைசியில் ஒரு கேள்விக்குறி இருந்தது. மூன்று வருஷம் கழிச்சு, 1996-ல், அதையே விரிவாக்கிப் புத்தகமாகப் போட்டார். புத்தகத்தின் தலைப்பில் அந்தக் கேள்விக்குறி இல்லை.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். பனிப்போர் முடிஞ்சது. முதலாளித்துவம், கம்யூனிசம் என்ற சண்டை முடிஞ்சுபோச்சு. இனிமேல் மக்கள் பண்பாட்டின் பேராலும் மதத்தின் பேராலும்தான் மோதிக்குவாங்க. மேற்குலகம், இஸ்லாமிய உலகம், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ உலகம், இந்து உலகம், சீன உலகம் என்று பெரிய பெரிய பாறைகளாக உலகம் பிரிஞ்சு கிடக்கு. இரண்டு பாறைகள் உரசுகிற விளிம்பில்தான் ரத்தம் ஓடும்.

அவர் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் போஸ்னியா எரிஞ்சுக்கிட்டு இருந்தது. அங்கே மூன்று தரப்பு: கத்தோலிக்கரான குரோயேஷியர்கள், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவரான செர்பியர்கள், முஸ்லிம்களான போஸ்னியாக்குகள். மூன்று நாகரிகங்களும் ஒரே இடத்தில் உரசுது. இதைவிடப் பொருத்தமான உதாரணம் எங்கே கிடைக்கும்? மேலோட்டமாகப் பார்த்தால் ஹன்டிங்டன் சொன்னது அச்சு அசலாகச் சரி.

சரி, கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

ஒரு காப்பிக்கு மூன்று பெயர்

இந்த மூன்று பேரும் பேசுறது ஒரே மொழி. யூகோஸ்லாவியா காலத்தில் அதன் பெயர் செர்போ-குரோவாட். இன்றைக்கு அதையே போஸ்னிய மொழி, குரோயேஷிய மொழி, செர்பிய மொழி என்று மூன்றாகச் சொல்றாங்க. காப்பியைக் குரோயேஷியர் 'காவா' என்பார், செர்பியர் 'காஃபா' என்பார், போஸ்னியாக் 'காஹ்வா' என்பார். மதுரைத் தமிழுக்கும் கோவைத் தமிழுக்கும் இருக்கிற வித்தியாசம்கூட அதில் இல்லை. போஸ்னியாவில் விற்கிற சிகரெட் பெட்டியில் 'புகைபிடித்தல் கொல்லும்' என்ற எச்சரிக்கையை மூன்று மொழியிலும் போடணும் என்று விதி. மூன்று முறை அச்சடிச்சிருப்பாங்க. இரண்டு வரிகள் எழுத்துக்கு எழுத்து ஒன்று. மூன்றாவது அதே வாக்கியம், சிரிலிக் எழுத்தில். அவ்வளவுதான் வித்தியாசம்.

இனம் என்று பார்த்தாலும் மூன்று பேரும் தென் ஸ்லாவியர்கள். 1463-ல் ஒட்டோமான் துருக்கியர் போஸ்னியாவைப் பிடிச்சாங்க. அடுத்த ஒன்றிரண்டு நூற்றாண்டில் உள்ளூர் ஜனங்களில் பெரும்பகுதி இஸ்லாமுக்கு மாறினாங்க. இன்றைய போஸ்னியாக்குகள் பெரும்பாலும் அவர்களுடைய வம்சம்தான். எங்கிருந்தோ வந்து குடியேறினவர்கள் இல்லை.

சரயேவோ நகரத்தின் நடுவில் நின்றால், சில நிமிஷ நடையில் பழைய மசூதி, கத்தோலிக்கப் பேராலயம், ஆர்த்தடாக்ஸ் தேவாலயம், யூதர்களின் ஜெபாலயம் நான்கையும் பார்த்துட்டு வந்துடலாம். 1492-ல் ஸ்பெயின் தன் யூதர்களைத் துரத்தினபோது ஒட்டோமான் பேரரசு இடம் கொடுத்தது. அப்படி வந்தவர்களில் சிலர் சரயேவோவில் குடியேறினாங்க. 14-ம் நூற்றாண்டில் ஸ்பெயினில் எழுதப்பட்ட, படங்கள் நிறைந்த ஒரு யூதப் பிரார்த்தனைச் சுவடி அந்த ஊரில் இருக்கு. 'சரயேவோ ஹக்கதா' என்று சொல்வாங்க. இரண்டாம் உலகப்போரில் நாஜிகளின் கையில் சிக்காமல் அதை ஒளிச்சு வச்சுக் காப்பாத்தினவர் தெர்விஷ் கோர்குட் என்கிற முஸ்லிம் நூலகர்.

இதையெல்லாம் கேட்டுட்டு "ஆஹா, சொர்க்கமா இருந்திருக்கு" என்று நினைக்க வேண்டாம். அது உண்மை இல்லை. இரண்டாம் உலகப்போர் காலத்தில் குரோயேஷிய பாசிஸ்டுகளான உஸ்தாஷாக்கள் செர்பியர்களையும் யூதர்களையும் ரோமா மக்களையும் கொத்துக் கொத்தாகக் கொன்றாங்க. செர்பிய செத்னிக் படைகள் கிழக்கு போஸ்னியாவில் முஸ்லிம் கிராமங்களை அழிச்சாங்க. அந்த ஞாபகம் வீடுகளுக்குள்ளே இருந்தது. போருக்குப் பிறகு வந்த டிட்டோவின் கம்யூனிச அரசு 'சகோதரத்துவமும் ஒற்றுமையும்' என்று முழக்கம் வச்சதே தவிர, அந்தக் காயத்தைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேச விடலை. அதனால பயம் மண்ணுக்குள்ளே கிடந்தது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிங்க. அதே பயத்தோடு 45 வருஷம் அவங்க பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்ந்தாங்க, கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தாங்க. அப்படின்னா 1992-ல் மட்டும் என்ன ஆச்சு?

கஜானா காலி, கல்லறை திறப்பு

1980 மே மாதம் டிட்டோ இறந்தார். அவர் விட்டுட்டுப் போன யூகோஸ்லாவியா வெளிநாட்டுக் கடனில் மூழ்கியிருந்தது. 80-கள் முழுக்க விலைவாசி ஏறுது, சம்பளத்தின் மதிப்பு கரையுது, இளைஞர்களுக்கு வேலை இல்லை. 1989-ல் பணவீக்கம் 1000 சதவீதத்தைத் தாண்டிப் போச்சு. கம்யூனிஸ்ட் கட்சி மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லை. அப்போ கட்சிக்குள் இருந்த தலைவர்களுக்கு ஒரு பிரச்சனை: நாளைக்குத் தேர்தல் வந்தால் எதைச் சொல்லி ஓட்டுக் கேட்பது?

ஸ்லோபோதான் மிலோசெவிச் என்பவர் அதற்கு விடை கண்டுபிடிச்சார். அவர் ஒரு காலத்தில் வங்கி அதிகாரி, பிறகு கட்சி நிர்வாகி. மதப் பற்றுக்கோ தேசியவாதத்துக்கோ பெயர் போனவர் இல்லை. 1987-ல் கொசோவோவுக்குப் போனவர், அங்கே சிறுபான்மையாக இருந்த செர்பியர்களின் மனக்குறையைக் கையில் எடுத்தார். ஒரே ராத்திரியில் தேசத் தலைவர் ஆனார்.

1389-ல் கொசோவோவில் ஒட்டோமான் படைக்கும் செர்பிய இளவரசர் லாசருக்கும் ஒரு போர் நடந்தது. அதன் 600-ம் ஆண்டு 1989-ல் வந்தது. அதற்கு முன்பே லாசருடைய எலும்புகளை ஊர் ஊராக, மடாலயம் மடாலயமாக ஊர்வலம் கொண்டு போனாங்க. 1989 ஜூன் 28 அன்று அந்தப் போர்க்களத்தில் லட்சக்கணக்கானோர் கூடின கூட்டத்தில் மிலோசெவிச் பேசினார். ஆயுதப் போராட்டத்துக்கான வாய்ப்பையும் மறுக்க முடியாது என்கிற அர்த்தத்தில் அந்தப் பேச்சில் ஒரு இடம் வருது.

அதோட நிற்கலை. உலகப்போர் காலத்துக் கூட்டுப் புதைகுழிகளைத் தோண்டி எலும்புகளை எடுத்து மறு அடக்கம் செய்தாங்க. செத்தவர்களுக்கு மரியாதை செய்வதில் தப்பே இல்லை, செய்ய வேண்டியதுதான். ஆனால் தொலைக்காட்சியில் அதைத் திரும்பத் திரும்பக் காட்டினபோது, பார்க்கிறவனுக்குப் போய்ச் சேர்ந்த செய்தி வேற: "அன்னிக்குச் செய்தாங்க, நாளைக்கும் செய்வாங்க, நீ முந்திக்கோ."

குரோயேஷியாவில் ஃபிராஞ்சோ துஜ்மான் அதே வேலையைத் தன் பக்கத்துக்குச் செய்தார். ஆக, போஸ்னியாவின் இரண்டு பக்கமும் நெருப்பு பத்த வச்சாச்சு.

பயம் ஓட்டுப் போட்ட தேர்தல்

1990 நவம்பரில் போஸ்னியாவில் பலகட்சித் தேர்தல் நடந்தது. மூன்று சமூகத்துக்கும் மூன்று கட்சிகள். 240 இடங்களில் 202 இடங்கள் அந்த மூன்று கட்சிகளுக்கே போச்சு. "பார்த்தீங்களா, மக்களே இனத்துக்குத்தானே ஓட்டுப் போட்டாங்க" என்று சொல்லலாம்.

ஆனால் ஒரு சாதாரண வாக்காளர் எப்படி யோசிச்சிருப்பார் என்று பாருங்க. எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மேல் கோபம் எதுவும் இல்லை. ஆனால் அவர் அவங்க ஆளுக்குத்தான் ஓட்டுப் போடுவார் என்று எல்லாரும் சொல்றாங்க. அவர் அப்படிப் போட்டு, நான் பொதுவான கட்சிக்குப் போட்டால், நாளைக்கு எங்களுக்காகப் பேச யாரும் இருக்க மாட்டாங்க. எதற்கும் இருக்கட்டும், நானும் எங்க ஆளுக்கே போட்டுடறேன். பக்கத்து வீட்டுக்காரரும் இதையேதான் யோசிக்கிறார். இரண்டு பேரிடமும் வெறுப்பு இல்லை. இரண்டு பேரிடமும் பயம் இருக்கு. முடிவு என்னவோ, இரண்டு பேரும் வெறுத்தால் என்ன வருமோ அதேதான்.

1991 ஜூனில் ஸ்லோவேனியாவும் குரோயேஷியாவும் பிரிஞ்சு போச்சு. 1992 பிப்ரவரி 29, மார்ச் 1 தேதிகளில் போஸ்னியாவில் சுதந்திரத்துக்கான வாக்கெடுப்பு நடந்தது. செர்பியர்களில் பெரும்பாலோர் புறக்கணிச்சாங்க. ஓட்டுப் போட்டவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் 'ஆம்' என்றார்கள். ஏப்ரலில் போர் வந்துடுச்சு.

அந்த ஏப்ரல் 5, 6 தேதிகளில் சரயேவோவில் பெரிய கூட்டம் தெருவுக்கு வந்தது. எல்லா மதத்தாரும் இருந்தாங்க. சிலர் கையில் டிட்டோவின் படம். போர் வேண்டாம் என்பதுதான் கோரிக்கை. அந்தக் கூட்டத்தின் மேல் மறைஞ்சிருந்து சுட்டாங்க. வ்ர்பான்யா பாலத்தில் இரண்டு பெண்கள் விழுந்தாங்க. ஒருவர் பெயர் சுவாதா, இன்னொருவர் ஓல்கா. ஒரு முஸ்லிம் பெயர், ஒரு கிறிஸ்தவப் பெயர். இன்றைக்கு அந்தப் பாலத்துக்கே 'சுவாதா, ஓல்கா பாலம்' என்றுதான் பெயர்.

வெள்ளைத் துணி எதற்கு?

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றோம். பல ஊர்களில் கொலையை ஆரம்பிச்சு வச்சவர்கள் வெளியூரிலிருந்து வந்த ஆயுதக் குழுக்கள். ஏப்ரல் தொடக்கத்தில் பியெல்யினா என்ற ஊருக்குள் புகுந்தது 'அர்கான்' என்பவனின் கூட்டம். அவன் ஐரோப்பாவின் பல நாட்டுப் போலீஸ் தேடின வங்கிக் கொள்ளைக்காரன். அவன் ஆட்களில் பலர் பெல்கிரேடு கால்பந்து மைதானத்து ரகளைக் கும்பலில் இருந்து வந்தவர்கள். நாகரிகங்களின் தூதர்கள் என்று இவர்களைச் சொல்ல எனக்கு வாய் வரலை.

ஆனால் எல்லாப் பழியையும் வெளியூர்க்காரன் மேல் போட்டுவிடவும் முடியாது. பிரியேடோர் என்ற ஊரில் செர்பிய அதிகாரிகள் நகராட்சியைக் கைப்பற்றினாங்க. 1992 மே 31 அன்று ஒரு உத்தரவு வந்தது. செர்பியர் அல்லாதவர்கள் தங்கள் வீட்டில் வெள்ளைத் துணி தொங்கவிடணும், வெளியே வந்தால் கையில் வெள்ளைப் பட்டை கட்டணும். அதன் பிறகு ஓமார்ஸ்கா போன்ற முகாம்கள். அந்த முகாம்களில் காவல் நின்றவர்களைக் கைதிகளில் பலருக்கு முன்பே தெரியும். சிலர் கூடப் படிச்சவர்கள், சிலர் கூட வேலை பார்த்தவர்கள்.

அந்த வெள்ளைத் துணியைப் பற்றி நான் நிறைய யோசிச்சிருக்கேன். நூற்றாண்டுக் கணக்கில் ஒட்டாமல் வாழ்ந்த இரண்டு நாகரிகம் என்றால், யார் எந்தப் பக்கம் என்று பார்த்தாலே தெரியணும், இல்லையா? தெரியலை. தோற்றத்தில் தெரியலை, பேச்சில் தெரியலை, உடுப்பில் தெரியலை. அதனால்தான் துணி கட்டச் சொன்னாங்க. வேற்றுமை கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அதைத் தெரிய வைக்க ஒரு நிர்வாக உத்தரவு தேவைப்பட்டது.

இன்னொன்று. பாறையும் பாறையும் உரசின போர் என்றால் அணிகள் நிலையாக இருக்கணும். போஸ்னியாவில் அப்படி இல்லை. முதலில் குரோயேஷியர்களும் போஸ்னியாக்குகளும் ஒரே அணி. 1993-ல் அவர்களே ஒருவரை ஒருவர் சுட்டாங்க. மோஸ்டார் நகரில் 1566-ல் கட்டின அந்த அழகான கல் பாலத்தை 1993 நவம்பர் 9 அன்று இடிச்சது குரோயேஷியப் படையின் குண்டு. 1994 மார்ச்சில் அமெரிக்கா நடுவில் வந்ததும் மறுபடி கூட்டணி. மேற்கு போஸ்னியாவில் ஃபிக்ரெத் அப்திச் என்ற போஸ்னியாக் தலைவர் சரயேவோ அரசுக்கு எதிராகத் தனி ஆட்சி அறிவிச்சு, செர்பியர்களின் உதவியோடு போஸ்னியாக்குகளோடவே சண்டை போட்டார். மறுபக்கம், சரயேவோவைக் காப்பாத்தின போஸ்னிய ராணுவத்தின் தளபதிகளில் ஒருவர் யோவான் திவ்யாக், பிறப்பால் செர்பியர்.

சரயேவோ முற்றுகை 1,425 நாள் நீடிச்சது. மலை மேல் இருந்து குண்டு போட்ட படைகளுக்கு அரசியல் தலைவர் ரதோவான் கராஜிச். அவர் அதே சரயேவோவில் வாழ்ந்த மனநல மருத்துவர். 1992 ஆகஸ்ட் 25 ராத்திரி அந்தப் படைகள் சுட்டதில் நகரின் தேசிய நூலகம் பத்திக்கிட்டு லட்சக்கணக்கான புத்தகங்கள் எரிஞ்சன. சாம்பல் காகிதம் ஊர் முழுக்க மழை மாதிரி விழுந்தது. 1981-ல் யாழ்ப்பாணம் நூலகம் எரிஞ்சதை அறிந்த நமக்கு, நூலகத்தை ஏன் எரிக்கிறாங்க என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நாம சேர்ந்து வாழ்ந்தோம் என்பதற்கான அத்தாட்சி அங்கேதான் இருந்தது. எரிச்சவனுக்கு அந்த அத்தாட்சி இடைஞ்சல்.

"அவங்க எப்பவுமே இப்படித்தான்"

இவ்வளவு நடக்கும்போது உலகம் என்ன செய்தது? மேற்கத்திய தலைவர்கள் வாயில் அடிக்கடி வந்த வார்த்தை 'பழம்பகை'. நூற்றாண்டு நூற்றாண்டாக அடிச்சுக்கிறவங்க, நாம போய் என்ன பண்ண முடியும் என்கிற தோரணை. கேட்கும்போது வரலாறு தெரிஞ்சவர் பேச்சு மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பேச்சுக்கு ஒரு நடைமுறைப் பயன் இருக்கு. பழம்பகை என்றால் குற்றவாளி என்று யாரும் கிடையாது. எல்லாரும் சமம். அப்போ தலையிட வேண்டிய கடமையும் கிடையாது.

1991-ல் ஐ.நா. யூகோஸ்லாவியா முழுவதுக்கும் ஆயுதத் தடை போட்டது. கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் யூகோஸ்லாவிய ராணுவத்தின் ஆயுதக் கிடங்கு ஏற்கெனவே ஒரு தரப்பின் கையில் இருந்தது. தடை உண்மையில் யாரைக் கட்டிப்போட்டது என்று சொல்லத் தேவையில்லை. 1993-ல் ஸ்ரெப்ரெனிட்சா என்ற ஊரை ஐ.நா. 'பாதுகாப்புப் பகுதி' என்று அறிவிச்சது. 1995 ஜூலை 11 அன்று ராட்கோ மிலாடிச்சின் படை உள்ளே வந்தது. அங்கே இருந்த டச்சு அமைதிப்படையால் தடுக்க முடியலை. அடுத்த சில நாட்களில் 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டாங்க. சர்வதேச நீதிமன்றங்கள் அதை இனப்படுகொலை என்று தீர்ப்புச் சொல்லியாச்சு. கராஜிச்சும் மிலாடிச்சும் இன்று ஆயுள் தண்டனைக் கைதிகள்.

எனக்கு இந்தத் தீர்ப்புகளில் முக்கியமாகப் படுவது என்னவென்றால், அவை 'நாகரிகம்' என்று யாரையும் கூண்டில் ஏற்றவில்லை. யார் உத்தரவு போட்டது, யார் பேருந்து அனுப்பியது, யார் குழி தோண்ட இயந்திரம் கொண்டுவந்தது என்று பெயரோடு, தேதியோடு விசாரிச்சாங்க. 'பழம்பகை' என்ற பேச்சால் மறைஞ்சு கிடந்த ஆட்கள் அப்போதான் வெளியே தெரிஞ்சாங்க.

அமைதி ஒப்பந்தம் போட்ட பூட்டு

1995 நவம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் பேசி முடிச்சு, டிசம்பரில் பாரிசில் கையெழுத்துப் போட்டாங்க. துப்பாக்கிச் சத்தம் நின்றது. அதன் அருமையைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒப்பந்தத்தின் ஒரு இணைப்புதான் இன்றைக்கும் அந்த நாட்டின் அரசியல் சட்டம். அதன்படி நாட்டுக்கு ஒரே நேரத்தில் மூன்று அதிபர்கள்: ஒரு போஸ்னியாக், ஒரு குரோயேஷியர், ஒரு செர்பியர். மேலவையில் 15 பேர், ஆளுக்கு ஐந்து. இந்த மூன்றிலும் சேராதவர்களுக்குச் சட்டத்தில் 'மற்றவர்கள்' என்று பெயர். மற்றவர்கள் அதிபர் தேர்தலில் நிற்கவே முடியாது.

இதை எதிர்த்து ஒரு ரோமாவும் ஒரு யூதரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனாங்க. செய்திச், ஃபின்சி என்ற அவர்கள் பெயரிலேயே வழக்கு பிரபலம். 2009 டிசம்பரில் ஜெயிச்சாங்க. 2014-ல் ஸோர்னிச் என்ற பெண் இன்னொரு வழக்கில் ஜெயிச்சார். அவர் கேட்டது ரொம்ப எளிமையானது: நான் எந்தச் சமூகத்தின் பெயரையும் சொல்ல விரும்பலை, இந்த நாட்டுக் குடிமகள் என்று மட்டும் சொல்லிட்டுத் தேர்தலில் நிற்கக் கூடாதா? நீதிமன்றம் கூடும் என்றது. ஆனாலும் அந்த அடிப்படை விதியை மாத்த அரசியல்வாதிகள் இன்னும் ஒத்துக்கலை. ஏன் ஒத்துக்கணும்? மூன்று பெட்டி இருக்கிற வரைக்கும், மூன்று கட்சிக்கும் அவங்க அவங்க பெட்டி பத்திரம்.

1991 கணக்கெடுப்பில் போஸ்னியாவில் சுமார் 5.5 சதவீதம் பேர் தங்களை 'யூகோஸ்லாவியர்' என்று பதிவு செய்திருந்தாங்க. அதில் கலப்புத் திருமணம் செய்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் நிறைய. 2013 கணக்கெடுப்பில் 'மற்றவர்கள்' என்று பதிவானவர்கள் எல்லாரையும் சேர்த்தாலே 3 சதவீதத்துக்கும் கீழ்தான். நாட்டில் இடைப்பட்டு நிற்பதற்கு இடமே இல்லாமல் போச்சு. போருக்கு முன்னாடி இருந்ததைவிடப் போருக்குப் பின்னாடிதான் அடையாளம் கெட்டியாச்சு. இன்றைய அத்தியாயத்தில் நான் சொல்ல வந்ததே இதுதான். காரணம் என்று நாம நினைக்கிறது, பெரும்பகுதி விளைவு.

பிள்ளைகள் விஷயத்துக்கு வாங்க. 'ஒரே கூரையின் கீழ் இரண்டு பள்ளி' என்று ஒரு ஏற்பாடு அங்கே 50-க்கும் மேற்பட்ட இடங்களில் உருவாச்சு. ஒரே கட்டடம். குரோயேஷியப் பிள்ளைகளும் போஸ்னியாக் பிள்ளைகளும் தனித்தனி வாசலில் அல்லது தனித்தனி நேரத்தில் வருவாங்க. தனித்தனிப் பாடத்திட்டம், தனித்தனி வரலாறு.

2016-ல் யாய்ட்சே என்ற சின்ன ஊரில், ஒன்றாக இருந்த உயர்நிலைப் பள்ளியையும் இப்படிப் பிரிக்கத் திட்டம் வந்தது. அதை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் மாணவர்கள். இரண்டு சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்து வந்தாங்க. போர் முடிஞ்ச பிறகு பிறந்த பிள்ளைகள். எங்களைப் பிரிக்காதீங்க என்று மறுபடி மறுபடி ஊர்வலம் போனாங்க. 2017-ல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த வருஷம் ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் மாக்ஸ் வான் டெர் ஸ்டூல் விருது அவர்களுக்குக் கிடைச்சது. ஒரு பள்ளிக்கூடம்தான், நாடு மாறிடலை. ஆனால் ரத்தத்திலேயே பகை ஊறியிருக்கு என்று சொல்றவங்க, இந்தப் பிள்ளைகளை எந்தக் கணக்கில் வைப்பாங்க?

கடைசியாக

அடையாளம் பொய் என்று நான் சொல்லலை. ஒருவருக்கு அவர் சாமி, அவர் மொழி, அவர் ஊர்த் திருவிழா எல்லாம் உயிருக்குச் சமம். உயிருக்குச் சமமாக இருப்பதால்தான் அதைத் தொட்டு ஆளைத் திரட்ட முடியுது. யாருக்கும் பிடிப்பு இல்லாத ஒன்றை வச்சு யாரும் படை சேர்க்க மாட்டாங்க.

அமர்த்தியா சென் 2006-ல் அடையாளமும் வன்முறையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் சிறுவனாக டாக்காவில் இருந்த காலத்தில், 1940-களின் கலவரத்தின்போது, ஒரு முஸ்லிம் கூலித் தொழிலாளி கத்திக் குத்துப்பட்டு அவர் வீட்டு வாசலுக்குள் வந்து விழுந்ததைச் சொல்றார். கலவர நேரத்தில் வெளியே போகாதே என்று அந்த ஆளின் மனைவி தடுத்திருக்கிறார். வீட்டில் சாப்பிட ஒன்றும் இல்லாததால் கூலி வேலைக்குக் கிளம்பியிருக்கிறார். குத்தினவனுக்கு அவர் ஒரு முஸ்லிம், அவ்வளவுதான். அவர் ஒரு தகப்பன், ஒரு தொழிலாளி, பசியோடு இருந்த ஒரு ஏழை என்பதெல்லாம் அந்த நிமிஷம் கணக்கிலேயே இல்லை. ஒரு மனிதனிடம் இருக்கிற பத்து அடையாளத்தில் ஒன்பதை அழிச்சுட்டு ஒன்றை மட்டும் விட்டு வைப்பதுதான் ஆபத்து என்கிறார் சென். போஸ்னியாவில் நான் பார்க்கிறதும் அதுதான். ஆசிரியர், கால்பந்து ரசிகர், மாமனார், கடன்காரர் என்று இருந்தவர்களை ஒரு வெள்ளைத் துணியாகச் சுருக்கினாங்க.

அதனால அடுத்த முறை எங்கேயாவது மோதல் செய்தி வரும்போது, "இவங்க எப்பவும் அடிச்சுக்கிறவங்கதான்" என்று யாராவது சொன்னால், மூன்று கேள்வி கேட்டுப் பாருங்க. இவங்க சும்மா இருந்த காலத்தில் எப்படி வாழ்ந்தாங்க? பழைய காயத்தை இப்போ தோண்டுறது யார், அதனால் அவருக்கு என்ன கிடைக்குது? அமைதி என்று சொல்லி எழுதற காகிதத்தில் எந்தப் பக்கமும் சேராதவருக்கு இடம் இருக்கா? இந்தக் கேள்விகளை நம்ம ஊருச் செய்திக்கும் கேட்கலாம். அங்கேதான் கேட்கிறது கஷ்டம், ஏன்னா அங்கே நாமும் ஒரு பக்கம்.

2012 ஏப்ரல் 6 அன்று, முற்றுகை தொடங்கின 20-ம் ஆண்டில், சரயேவோவின் முக்கிய வீதியில் 11,541 சிவப்பு நாற்காலிகளை வரிசையாகப் போட்டாங்க. முற்றுகையில் செத்த ஒவ்வொருவருக்கும் ஒரு காலி நாற்காலி. குழந்தைகளுக்குச் சின்ன நாற்காலி. எந்த நாற்காலியிலும் மதம் எழுதலை.

இன்றைக்கு இவ்வளவுதான். மிலோசெவிச் வழக்கைப் பற்றியும், அந்தத் தீர்ப்பாயம் எப்படி இயங்கினது என்பதைப் பற்றியும் தனியாகவே பேசணும், இன்னொரு அத்தியாயத்தில் பார்க்கலாம். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்க, அடுத்த முறை எடுத்துப் பேசுவோம்.